சொல்லெடுப்பு

பொன்னுரங்கம் நல்ல மனுஷன்தான். வாய்தான் கொஞ்சம் கெட்டது. மணல்மேட்டுக் குப்பத்தில் யாருக்காவது புதிதாகப் பட்டப்பெயர் கிடைத்திருந்தால் அது பெரும்பாலும் அவன் வைத்ததாகத்தான் இருக்கும். பெயர் வாங்கியவனும் கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்துவிட்டுப் போவான். வீட்டுக்குப் போய் அவன் எப்படி இருந்தான் என்பது பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதும் இல்லை.

"சிரிக்க வெக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் யோசிய்யா" என்பாள் அவன் மனைவி முனியம்மா.

"யோசிச்சா சிரிப்பு வராதுடி" என்பான்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர்கள் கோட்டை கட்டிக் குடியேறி, கடலில் அவர்கள் கப்பல்கள் வந்து நிற்பதும் போவதுமாக இருந்த காலம் அது. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் குப்பம். ஏரியில் எறா என்கிற இறால் நன்றாக விழுகிற இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவன் வீட்டில் அடுப்பு எரியும்.

இந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. தோணிகளை ஏற்றி வைக்கிற மணலில் எல்லோரும் உட்காருவார்கள். ஒருவன் பேசி முடித்ததும், அவனை எதிர்த்துப் பேச எழுகிறவன் நேராகத் தன் கட்சியை ஆரம்பித்துவிட முடியாது. முதலில் அவன் சொன்னதை இவன் சொல்ல வேண்டும். 'அவன் இப்படிச் சொல்கிறான்' என்று அல்ல. 'நான்' என்று, அவனாகவே நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு "எடுத்துட்டேனா?" என்று கேட்க வேண்டும். அவன் "எடுத்துட்ட" என்றால் மேலே பேசலாம். "இன்னும் எடுக்கல" என்றால் மறுபடி முதலிலிருந்து. விட்டுப்போனது எது என்று அவன் அடியெடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஆள் இல்லாதபோது அவன்மேல் வழக்கு வந்தாலும் இதே கதைதான். குற்றம் சாட்டுகிறவனே அவன் சொல்லை எடுக்க வேண்டும். எடுத்தது சரியா இல்லையா என்று அவன் வீட்டிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும்.

சொல்லெடுப்பு என்று இதற்குப் பெயர். இதனால் ஒவ்வொரு கூட்டமும் ரப்பர் மாதிரி... இல்லை, அப்போது ஏது ரப்பர், பழைய வலைக்கயிறு மாதிரி இழுத்துக்கொண்டே போகும். வீட்டில் கஞ்சி ஆறிப்போகும். பெண்கள் மணல்மேட்டில் நின்று சத்தம் போடுவார்கள். எல்லா வழக்கும் தீர்ந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஆனால் தீராத வழக்கோடும் அடிதடி இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

இதைக் கெடுக்க ஒரு பகல் போதுமாயிருந்தது. கோட்டையிலிருந்து துபாஷி வந்தார். வெள்ளைக்காரன் பேச்சைத் தமிழில் சொல்கிறவர், பட்டு அங்கவஸ்திரம், பல்லக்கு எல்லாம் உண்டு. கோட்டைக்காரர்கள் முகத்துவாரத்தின் பாதியில் பனந்தூண்களை வரிசையாக நட்டு அடைக்கப் போகிறார்களாம். மீதிப் பாதியில் தண்ணீர் வேகமாக ஓடி மணல் சேராமல் இருக்குமாம். சரக்குப் படகுகள் தட்டாமல் போய்வருமாம். குப்பம் அதற்கு ஒத்துக்கொண்டால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரியும் கடலும் கைவிடுகிற நாட்களில் வீட்டுக்கு வீடு அரிசி அளப்பார்களாம்.

முனியம்மாவின் தம்பி தேசப்பன் எழுந்து, ஒத்துக்கொள்ளலாம் என்றான். அவன் மாமாவான பொன்னுரங்கம் எதிர்த்துப் பேச எழுந்து, வழக்கப்படி மச்சான் சொல்லை எடுக்க ஆரம்பித்தான். துபாஷி சிரித்துவிட்டார்.

"அவன் சொன்னதைத்தான் அவனே சொல்லிட்டானே. நீ ஏன்பா திரும்பச் சொல்ற? எனக்கு வெயில் ஏறுது. வேணுங்கறவன் கையைத் தூக்கு, வேணாங்கறவன் கையைத் தூக்கு. முடிஞ்சுது."

கையைத் தூக்கினார்கள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி வந்தது. துபாஷி பிறகு வருவதாகச் சொல்லிப் பல்லக்கில் ஏறிப் போய்விட்டார். குப்பம் மட்டும் அந்தப் பாதிக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் யாரும் யார் சொல்லையும் எடுக்கவில்லை. கோட்டைக் கட்சி, ஏரிக் கட்சி என்று ஆனது. கூட்டம் சீக்கிரம் முடிந்தது. ஏனென்றால் யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. எவன் குரல் பெரிது என்பதுதான் கேள்வியாகிவிட்டது. ஏரிக் கட்சியில் சிங்காரம் என்கிற வாலிபனுக்குச் சங்கு போலத் தொண்டை. பொன்னுரங்கத்துக்குச் சங்குத் தொண்டை இல்லாவிட்டாலும் அந்த வாய் இருந்ததே. ஒரு கூட்டத்தில் மச்சானைப் பார்த்து, "கோட்டைப் பூனை வந்துடுச்சு, பாலை மூடி வைங்க" என்றான். மணல் அதிரச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து தேசப்பன் போகிற வழியெல்லாம் பிள்ளைகள் மியாவ் என்றன.

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே தோணிக்காரர்கள். பொன்னுரங்கம் கழி ஊன்ற, தேசப்பன் வலை வீசுவான். பல வருஷப் பழக்கத்தில் வாய் திறந்து சொல்லாமலே ஒருவன் நினைப்பது இன்னொருவன் கைக்கு வந்துவிடும். மியாவுக்குப் பிறகு தேசப்பன் தோணிக்கு வரவில்லை. பொன்னுரங்கம் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டான். அந்த ஆள் நல்லவன்தான். ஆனால் எல்லாவற்றையும் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி இருக்கும்போது தேசப்பன் ஒரு காரியம் செய்தான். பஞ்சாயத்து எதுவும் முடிவு செய்யாத நிலையில், கோட்டை ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், தூண் நட முகத்துவாரத்தில் எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு என்று காட்டிவிட்டான். குப்பத்து ரகசியம் அது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. குப்பமே கொதித்தது. சிங்காரத்தின் ஆட்கள் கழியோடு தேடி வர, தேசப்பன் கோட்டை அகழிக்கு வெளியே இருந்த ஒரு கொட்டகையில் போய் இருந்துகொண்டான்.

அவனை ஊரைவிட்டு விலக்கி வைப்பது என்று கூட்டம் கூடியது. விலக்கினால் நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, நல்லது கெட்டது இல்லை. அவனோடு பேசுகிறவனுக்கும் அந்தப் பருவத்துப் பாடு போய்விடும். குற்றம் சாட்ட ஏரிக் கட்சி பொன்னுரங்கத்தைத்தான் நிறுத்தியது. அவன் போலப் பேச ஆள் இல்லை என்பது ஒரு காரணம். சொந்த மாமனே சொன்னால் அப்புறம் யார் மறுக்க முடியும் என்பது இன்னொன்று.

"போவாதய்யா" என்றாள் முனியம்மா. "எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் செத்தா நான் போயி அழக்கூட முடியாது."

"முகத்துவாரம் போனா எறா ஏது? எறா இல்லாம இந்தக் குப்பம் ஏது? அவன் பண்ணது தப்புடி."

"தப்புதான். நான் இல்லன்னனா?"

பொன்னுரங்கம் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனான்.

கூட்டத்தில் அவன் எழுந்து நின்று வாயைத் திறக்கும்போது, பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க ஊட்டுக்காரரு சொல்ல எடுக்கணும்."

தேசப்பன் மனைவி குப்பம்மா. நாலு பேர் எதிரில் பேசியே அறியாதவள். முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பழங்கதை பேசிக்கினு கீற?" என்றான் சிங்காரம். "கையத் தூக்கனா முடிஞ்சிது."

"ஆள் இல்லாதப்ப வழக்கு வந்தா சொல்லெடுக்கணும். எடுத்தது சரியானு ஊட்டு மனுஷி சொல்லணும். நான் வந்துகீறேன்."

எல்லோரும் பூபதி நாட்டாரைப் பார்த்தார்கள். குப்பத்துத் தலைவர் அவர். துபாஷி வந்துபோன நாளிலிருந்து கூட்டத்தில் உட்காருவதோடு சரி, வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தார். "எடு பொன்னுரங்கம்" என்றார்.

இது ஒரு பெரிய வேலையா என்றுதான் பொன்னுரங்கம் நினைத்தான். மச்சான் பேசுவதை எத்தனை தடவை கேட்டிருக்கிறான்! தொண்டையைச் செருமினான்.

"நான் தேசப்பன் சொல்றேன். கோட்டைக்காரன் பெரிய ஆளு. நாம வேணான்னாலும் தூண் நடுவான். நட்டா நமக்கு ஒண்ணும் கெடைக்காது. ஒத்துக்கினா அரிசியாவது வரும். அதான் ஆழம் காட்டனேன். எடுத்துட்டேனா?"

"இன்னும் எடுக்கல" என்றாள் குப்பம்மா.

ஏரிக் கட்சி முணுமுணுத்தது. பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. மறுபடி ஆரம்பித்தான்.

"நான் தேசப்பன் சொல்றேன். போன கார்த்திகையில காத்தும் மழையும் விடவேல்ல. ஏரித் தண்ணி உப்பு கொறஞ்சி நல்ல தண்ணியாப் பூடுச்சு. மீனு இல்ல, எறா இல்ல. குப்பத்துல அடுப்பு எரியல. என் பொண்ணு, என் சின்னப் பொண்ணு..."

அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் ஓடியிருக்கிறான் பொன்னுரங்கம். ஜுரம் வந்து செத்துப் போய்விட்டது என்றார்கள். அதைப் புதைத்த அன்றைக்குத் தேசப்பனைவிட இவன்தான் அதிகம் அழுதான்.

"என் பொண்ணு பூட்டா. வயித்துல கஞ்சி இருந்தா ஜுரத்தத் தாங்கியிருப்பா. இன்னொரு புள்ளைக்கு அப்படி ஆவக்கூடாதுனுதான் அரிசி கேக்கறேன். எடுத்துட்டேனா?"

பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். குப்பம்மா அழவில்லை. அவனையே பார்த்தாள்.

"இன்னும் எடுக்கல."

"அவ எடுக்கவே விடமாட்டா மாமா!" என்று சிங்காரம் கத்தினான். "வெளையாட்டு காட்றா."

குப்பம்மா விளையாடவில்லை என்பது பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் பிடிவாதம் இல்லை. கரையில் நிற்கிறவள், தோணி சரியான இடத்துக்கு வந்து சேருமா என்று பார்க்கிற பார்வைதான் இருந்தது. இவனுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. எது பாக்கி? குழந்தை செத்ததைவிட இன்னும் என்ன பாக்கி இருக்க முடியும்?

கண்ணை மூடிக்கொண்டான். தோணியில் மச்சான் மனசு அவன் கைக்கு வருமே, அப்படி வருமா என்று பார்த்தான். தான் தேசப்பன். மழை பெய்கிறது. குழந்தைக்கு ஜுரம் அடிக்கிறது. வீட்டில் அரிசி இல்லை. தேசப்பன் என்ன செய்வான்? என்ன செய்வான், அக்காள் வீட்டுக்கு வருவான். வேறு எங்கே போவான்?

வந்தானே.

வந்தது பொன்னுரங்கத்துக்கு ஞாபகம் வந்தது. அந்த மழையில் வாசலில் ஓலைக் கூடை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேசப்பன் வந்து நின்றான். உள்ளே நாலைந்து பேரோடு உட்கார்ந்து பொன்னுரங்கம் கதை பேசிக்கொண்டிருந்தான். முனியம்மா அப்போது வீட்டில் இல்லை. எட்டிப் பார்த்து "இன்னா மச்சான்?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் போய்விட்டான். ஏதோ வலை நூல் கேட்க வந்திருப்பான் என்று இவன் நினைத்தான். அப்புறம் மறந்தும் போனான். வீட்டுப் பானையில் அப்போது அரிசி இருந்தது. கேட்டிருந்தால் பானையோடு கொடுத்திருப்பான். ஏன் கேட்கவில்லை? உள்ளே அப்போது என்ன பேச்சு நடந்தது?

நடந்தது இதுதான். மேலண்டைத் தெருவில் ஒருவன் வியாபாரி உமர் மரைக்காயர் வீட்டு வாசலில் போய்ப் படி அரிசிக்குப் பல்லைக் காட்டி நின்றானாம். அவன் எப்படி நின்றான், எப்படிக் கை நீட்டினான் என்று பொன்னுரங்கம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தான். எதிரே குப்பம் முழுக்க உட்கார்ந்திருந்தது. சொல்லாமல் உட்கார்ந்துவிடலாம். சிங்காரம் கையைத் தூக்கச் சொல்வான், காரியம் முடிந்துவிடும். இவன் உட்காரவில்லை.

"நான் தேசப்பன் சொல்றேன்" என்றான். குப்பம்மா பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடி சொன்னான். "நான் தேசப்பன் சொல்றேன். என் பொண்ணுக்கு ஜுரம் அடிக்கறப்ப எங்க மாமா ஊட்டு வாசல் வரைக்கும் போனேன். அரிசி கேக்கத்தான் போனேன். உள்ள மாமா, அரிசி கேட்டு நின்ன ஒருத்தன மாதிரி நடிச்சிக் காட்டிக்கினு இருந்தாரு. எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்க. எனக்குக் கேக்க வாய் வரல. திரும்பி வந்துட்டேன். இனிமே எந்தத் தகப்பனும் எவன் வாசல்லயும் போயி நிக்கக்கூடாது. சொந்த அக்கா வாசலா இருந்தாலும் நிக்கக்கூடாது. கோட்டைக்காரன் அளந்து போட்டா அது கூலி மாதிரி. வாங்கறதுல வெக்கம் இல்ல. அதுக்குத்தான் ஆழம் காட்டனேன்."

கன்னத்தில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை. "எடுத்துட்டேனா?" என்று கேட்டான்.

குப்பம்மா இப்போதுதான் அழுதாள். "எடுத்துட்ட அண்ணா" என்றாள். அவள் பக்கத்தில் முனியம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி வாசல் வரை வந்தது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வழக்கப்படி இனிமேல் பொன்னுரங்கம் தன் கட்சியைச் சொல்லலாம். சொன்னான். அதுதான் எனக்கு அவனிடம் பிடித்த விஷயம். அழுதுவிட்டோம் என்பதற்காகத் தன் கட்சியை அவன் விட்டுவிடவில்லை.

"இப்ப நான் பொன்னுரங்கம் பேசறேன். மச்சான் பண்ணது தப்பு. முகத்துவாரத்தப் பாதி அடைச்சா கடல் தண்ணி உள்ள வராது, எறாக் குஞ்சு வராது. அரிசி ரெண்டு மாசம். எறா வருஷம் பூராவும். ஊரு பேசி முடிக்காத விஷயத்த அவன் தனியாப் போயி முடிச்சது அதவிடத் தப்பு. அதுக்குத் தண்டனை போடுங்க. ஆனா வெலக்காதீங்க. வெலக்கிட்டா அவங்கிட்ட யாரு போயி இதெல்லாம் பேசறது? பேசாம அவன் எப்படி மாறுவான்? நாமதான் எப்படி மாறுவோம்?"

பூபதி நாட்டார் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று பெரியவர்கள் ஏதோ சொல்ல எழுந்தார்கள். அதற்குள் சிங்காரத்தின் சங்குத் தொண்டை முழங்கிவிட்டது.

"ஒப்பாரி வெச்சிட்டா காட்டிக் குடுத்தது இல்லன்னு ஆயிடுமா? மாமனும் பூனையாயிட்டாரு! வெலக்கணும்ங்கறவன் கையத் தூக்கு!"

மியாவ் என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. பொன்னுரங்கத்துக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். அவனே ஊட்டி வளர்த்த சிரிப்பு. கைகள் மேலே போயின. சிலர் தூக்கலாமா வேண்டாமா என்று பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். தேசப்பன் விலக்கப்பட்டான். குப்பம்மா அன்றைக்கே சட்டிப் பானையைக் கட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு பொன்னுரங்கம் கிளம்பினான். திருட்டுத்தனமாகப் போக அவனுக்கு இஷ்டமில்லை. முனியம்மா ஒரு மண்சட்டியில் சாம்பலுக்குள் நெருப்பு எடுத்துக்கொண்டாள். ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருந்த இடத்தின் வழியாகவே இரண்டு பேரும் நடந்தார்கள்.

"மாமா, எங்க போற?" என்றான் சிங்காரம். இப்போது அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நம்ம கட்சிக்காகப் பேசப் போறேன்."

"அவங்கிட்ட பேசனா பாடு பூடும் மாமா. நான் சொல்லல, ஊரு சொன்னது."

"தெரியும்" என்றான் பொன்னுரங்கம். நடந்தான். சிங்காரம் கையிலிருந்த வலையைப் பார்த்தபடி வெகுநேரம் பின்னாமல் உட்கார்ந்திருந்தான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

கொட்டகை வாசலில் தேசப்பன் நின்றிருந்தான். இளைத்திருந்தான். அக்காள் கையில் நெருப்பைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. ஆனால் மாமனைப் பார்த்து விறைப்பாகவே கேட்டான்.

"வெலக்கி வெச்சிட்டீங்களே. இன்னும் இன்னா?"

"நீ பண்ணது தப்புனு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்காய்யா இம்மாம் தூரம் நடந்து வந்த?"

தேசப்பன் குனிந்து, காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தான். "குப்பு எல்லாம் சொன்னா" என்றான்.

"அன்னைக்கு நீ உள்ள வந்திருக்கலாம்டா."

"நீ சிரிக்கறத நிறுத்தி இருக்கலாம் மாமா."

"நிறுத்தி இருக்கலாம்" என்றான் பொன்னுரங்கம். "நிறுத்தி இருக்கணும். என் வாய்தான்டா அந்தக் கொழந்தைய..." தேசப்பன் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பெரிய ஆம்பிளைகள் வெயிலில் நின்று அழுதார்கள். அகழிக்கு அந்தப் பக்கம் காவல் நின்ற ஒல்லாந்தச் சிப்பாய், தமிழர்களுக்கு என்ன வந்தது என்று வேடிக்கை பார்த்தான்.

பிறகு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பமானது. தூணுக்குப் பின்னால் மணல் சேரும் என்று பொன்னுரங்கம் மணலில் கோடு போட்டுக் காட்டினான். சேராது, தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று தேசப்பன் அதை அழித்து வேறு கோடு போட்டான். ஒருவன் பேசியதை ஒருவன் எடுத்து, இன்னும் எடுக்கவில்லை என்று மற்றவன் தலையாட்டி, மறுபடி எடுத்து, வெயில் உச்சிக்கு வந்தது. குப்பம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. முனியம்மா இரண்டு பேரையும் திட்டினாள். ஒருவரும் அசையவில்லை. ஒருவன் கட்சியும் மாறவில்லை.

வெயில் தாழ்ந்து பொன்னுரங்கம் எழுந்து வேட்டியில் மணலைத் தட்டியபோது தேசப்பன் அண்ணாந்து பார்த்தான்.

"நாளைக்கும் வருவியா மாமா?"

"வராம? நீ இன்னும் தப்பாத்தான பேசிக்கினு கீற."